பந்து வேண்டுமானால் முன்வாசலுக்கு வா

ஞாயிற்றுக்கிழமை மதியம் ரக்பி ஆட்டம் தொடங்கும் விசில் கேட்டதும் மார்லீன் ஆக்ராய்ட் ஈரத்துணியும் வாளியுமாக மாடி ஏறி, பின்பக்க ஜன்னலைத் துடைக்க ஆரம்பிப்பாள். ஆட்டம் முடியும்வரை துடைப்பாள். இடைவேளைக்கு மட்டும் கீழே இறங்கித் தேநீர் போட்டுவிட்டு, இரண்டாம் பாதிக்கு மறுபடி துணியை நனைத்துக்கொண்டு ஏறுவாள். இங்கிலாந்தின் மேற்கு யார்க்‌ஷரில் அவ்வளவு சுத்தமான கண்ணாடி வேறெங்கும் கிடையாது. "மேட்ச் பாக்குறீங்களா?" என்று யாராவது கேட்டுவிட்டால் போச்சு. "நான் எங்க பாக்குறேன்? ஜன்னல் தொடைக்கிறேன். எதிர்ல அவனுங்க ஓடுனா அதுக்கு நான் என்ன கண்ண மூடிக்கணுமா?" என்பாள். துடைக்கிறவள் சும்மா துடைத்தால் பரவாயில்லை. நடுவரைத் திட்டுவாள், சரிந்து விழுந்தவனை எழுந்திரு என்பாள், பந்தை நழுவ விட்டவனின் கை என்ன கையா என்று விசாரிப்பாள். அந்த மூச்சில் கண்ணாடி மங்கிப்போகும். அதனால் நிஜமாகவே துடைக்க வேண்டியும் வரும்.

ரேவன்ஷா ரக்பி லீக் கழகத்தின் சொந்த மைதானமான பேங்க் டாப் ஒரு சரிவில் இருக்கிறது. கீழ்க்கோடியில் கழகக் கட்டடம், மேல்கோடியில் கோல் கம்பங்கள். கம்பங்களுக்குப் பின்னால் ஆளுயரக் கல்சுவர். சுவருக்குப் பின்னால் ஜூபிலி தெரு வீடுகளின் கொல்லைகள், அவற்றில் நட்டநடுவே மார்லீனுடையது. ஒருவன் பந்தோடு கோட்டைத் தாண்டி விழுந்தால் நாலு புள்ளி. அதன் பிறகு அந்தப் பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து மேலே அனுப்பினால் இன்னும் இரண்டு. மேலே போன பந்து கீழே வந்துதானே ஆகவேண்டும்? பெரும்பாலும் மார்லீன் வீட்டில்தான் வரும். சமையலறைக் கண்ணாடியில் வரும், கூரை ஓட்டில் வரும், ஒருமுறை கிறிஸ்துமஸுக்கு ஆறவைத்திருந்த புட்டிங்கின் மேலேயே வந்து உட்கார்ந்தது.

கணவர் கிளிஃப், சுரங்கத்தில் வேலை பார்த்தவர். நெஞ்சில் சளி, இரண்டு காதும் மந்தம், ரக்பி என்றால் கொட்டாவி. அவருக்குப் பிடித்தது குறுக்கெழுத்துப் போட்டியும் கொல்லையில் இருக்கும் தக்காளிச் செடியும்தான். ஞாயிறன்று கொல்லைக்குப் போவதென்றால் பழைய சுரங்கத் தொப்பியைப் போட்டுக்கொண்டுதான் போக வேண்டும் என்பது வீட்டுச் சட்டம்.

"கிளிஃப்! தொப்பி!"

"ஆட்டம் இன்னும் ஆரம்பிக்கலையேம்மா."

"பயிற்சிக்கு உதைக்கிறவனுக்குத்தான் குறியே இருக்காது. போடுங்க."

போட்டுக்கொண்டு போவார். தக்காளிச் செடிக்கு முன்னால் தொப்பியோடு குனிந்திருக்கும் அவரைப் பார்த்து, சுவர்மேல் ஏறிய வெளியூர்க்காரர்கள் பயந்துபோனதுண்டு.

இனி அந்தப் படுக்கை விரிப்புச் சமாச்சாரம். ஊரெல்லாம் திங்கட்கிழமை துவைக்கும். மார்லீன் ஞாயிற்றுக்கிழமை துவைப்பாள். கொல்லைக்குக் குறுக்கே கொடி கட்டி, வெள்ளை விரிப்புகளைத் தொங்கவிட்டு, நடுவில் ஒரு நீளக் கழியை முட்டுக்கொடுப்பாள். நம் ஆள் உதைக்கும்போது கழி சாய்ந்திருக்கும். விரிப்புகள் சுவருக்குக் கீழே சாதுவாகக் கிடக்கும். எதிரணி உதைக்க வந்ததும் மாடியிலிருந்து தடதடவென்று இறங்கிவந்து கழியை நிமிர்த்துவாள். கம்பங்களுக்கு நேர்பின்னால் இரண்டு வெள்ளை விரிப்புகள் எழும்பிப் படபடவென்று அடித்துக்கொள்ளும். வெளியூர் உதைகாரன் ஒருதடவை மூச்சை இழுத்துவிட்டு நிற்பான், நெற்றியைத் துடைப்பான், கம்பத்தைப் பார்ப்பான், விரிப்பைப் பார்ப்பான், பந்தைக் கோணலாக அனுப்புவான். கீழே நம்மாட்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

ஒருமுறை நடுவரே ஆட்டத்தை நிறுத்திவிட்டுச் சுவர் ஓரம் வந்தார். "அம்மா, அந்தத் துணிய எடுத்துடுங்க. கவனம் சிதறுதுங்கறாங்க."

"ஏன்? உங்க ஊர்ல யாரும் போர்வை போத்திக்கிறதில்லையா?"

"ஆட்டம் முடியறவரைக்கும்தான் கேக்குறேன்."

"இது என் கொல்லை, என் கொடி, என் காத்து. நீ போய் உன் விசில ஊது கண்ணு. அதையாவது ஒழுங்கா ஊது."

நடுவர் திரும்பிப் போய் ஊதினார். வேறென்ன செய்ய முடியும்?

கொல்லையில் விழுந்த பந்தைத் திரும்பப் பெறுவதற்கென்று ஒரு முறை இருக்கிறது. அதை வகுத்தவள் மார்லீன். எழுதிவைக்கவில்லை, யாரும் மீறியதும் இல்லை. சுவர்மேல் எட்டிப் பார்த்துக் கேட்டால் பந்து வராது. ஆளனுப்பிக் கேட்டாலும் வராது. ஆட்டம் மாற்றுப் பந்தில் நடந்து முடியட்டும். முடிந்ததும், உதைத்தவன் எவனோ அவனே சுற்றிக்கொண்டு ஜூபிலி தெருவுக்கு வர வேண்டும். முன்கதவைத் தட்ட வேண்டும். சேற்றுக் காலணியை வாசலிலேயே கழற்றிவிட்டு, கால் துடைக்கும் மிதியடியில் நின்று, தன் வாயால் மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்டால் பந்தும் கிடைக்கும், ஓட்ஸும் வெல்லப்பாகும் சேர்த்துச் செய்த பார்க்கின் கேக் ஒரு துண்டும் கிடைக்கும். வெளியூர் அணிக்கும் இதே சட்டம்தான். அவர்களுக்குத் துண்டு கொஞ்சம் சின்னதாக இருக்கும்.

மிதியடியில் வந்து நின்றவர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. வாசலை அடைத்துக்கொண்டு நின்ற டோங்கா தீவுக்காரன் ஒருவன், மூக்கு உடைந்து ரத்தம் ஒழுகிக்கொண்டிருக்கும்போதே, ஓட்டைக் காலுறையோடு நின்று, "மன்னிச்சுக்கோங்க மிஸஸ் ஆக்ராய்ட், காத்து இழுத்துடுச்சு" என்றான். "காத்த ஏன் சொல்ற? உன் காலச் சொல்லு" என்றாள் மார்லீன். பிறகு அவனை உள்ளே இழுத்து உட்காரவைத்து, மூக்குக்குப் பஞ்சு வைத்தாள். காலுறையைக் கழற்றச் சொல்லித் தைத்தும் கொடுத்தாள். தைத்துக்கொண்டே அவனுடைய அம்மா என்ன சமைப்பாள், அங்கே மழை எப்படி, ஏன் இன்னும் கல்யாணம் பண்ணவில்லை என்றெல்லாம் கேட்டு முடித்துவிட்டாள்.

இன்றைக்குக் கழகத் தலைவராக இருக்கும் ஸ்டூவர்ட் லம்ப், கம்பளக் கடைக்காரர், ஒரு காலத்தில் உதைகாரர். முதல் முறை பந்து அவள் கொல்லையில் விழுந்தபோது கூச்சப்பட்டுத் தம்பியை அனுப்பினார். தம்பி வெறுங்கையோடு திரும்பினான். மறுவாரம் அணித்தலைவரை அனுப்பினார். அவரும் வெறுங்கையோடு திரும்பினார். மூன்றாம் வாரம் ஸ்டூவர்ட்டே வந்து நின்றபோது மார்லீன் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வழி தெரிஞ்சுதா?" என்றாள். அன்றிலிருந்து ஒவ்வொரு வருஷமும், பருவம் தொடங்கும்போது, "உறுப்பினரா சேந்துடுங்க மார்லீன்" என்று அவர் கேட்பதும், "ஜன்னல் தொடைக்கிறதுக்கு எவனாவது சந்தா கட்டுவானா?" என்று அவள் விரட்டுவதும் வழக்கமாகிவிட்டது.

மற்ற நாட்களில் அவளைத் தெருமுனை மீன் கடையில் பார்க்கலாம். மாவில் தோய்த்த மீனை மாட்டுக்கொழுப்பில் பொரித்தெடுக்கும் கொப்பரைக்கு முன்னால் நிற்பாள். எண்ணெயில் பொரித்துத் தரமுடியுமா என்று கேட்ட ஒரு லண்டன்காரரை, பேருந்து நிறுத்தம் எங்கே இருக்கிறது என்று கைகாட்டி அனுப்பிவைத்தாள். ஞாயிறு தோற்ற அணியின் ஆட்கள் திங்களன்று கடைக்கு வந்தால், "உப்பு போடவா, இல்ல நேத்துப் புண்ணுல போட்டதே போதுமா?" என்பாள். ஜெயித்தவர்களிடமும் நல்லபடியாகப் பேசுவாள் என்று எதிர்பார்க்கக் கூடாது.

அதே திங்களன்று காலையில், கடைக்குப் போகும் வழியில், கழக அலுவலக ஜன்னலில் நின்று முறையிடுவாள். கண்ணாடி உடைந்தது, ஓடு நகர்ந்தது, அப்புறம் கெட்ட வார்த்தை. நேற்றைக்கு எவன் என்ன சொன்னான் என்பதை ஒன்றுவிடாமல், அதே உரத்த குரலில், அவளே சொல்லிக் காட்டுவாள். தெருவில் போகிறவர்கள் நின்று கேட்டுவிட்டுப் போவார்கள். உள்ளே இருப்பவர் தலையாட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் பேசினால் முதலிலிருந்து ஆரம்பிப்பாள். பழைய ஆட்களுக்கு இதெல்லாம் பழக்கம். முடிந்ததும், "கண்ணாடிக்காரன வரச் சொல்றேன் மார்லீன்" என்பார்கள். அவளும், "ஞாயித்துக்கிழமை அந்த எட்டாம் நம்பர்க்காரன வெளிய உக்காரவைங்க, ஓடவே மாட்டேங்கறான்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள்.

போன இலையுதிர் காலத்தில் ஏட்ரியன் என்று ஒரு புது நிர்வாகி வந்தார். நல்ல மனுஷன், படித்தவன், தெற்கத்திக்காரன். யாராவது திட்டினால் நிஜமாகவே கோபமாக இருக்கிறார்கள் என்று நம்பிவிடும் சுபாவம். வாரா வாரம் ஜன்னலில் நின்று அவள் கத்துவதைக் கேட்டுவிட்டு, இந்தப் பெண்மணி நம்மை நீதிமன்றத்துக்கு இழுக்காமல் விடமாட்டாள் என்று தலைவரிடமே சொன்னார். ஸ்டூவர்ட் ஏதோ வேலையாக இருந்தார், சரியாகக் காதில் வாங்கவில்லை. அங்கேதான் வந்தது வினை.

கழகத்துக்கு அப்போது வேறு தலைவலி. மேற்கு ஸ்டாண்டின் கூரை இற்றுப்போய், அங்கே ஒருவரும் உட்காரக் கூடாதென்று நகராட்சி கயிறு கட்டிவிட்டது. ஆட்டக்காரர்கள் குளிக்க வெந்நீர் வருவது நிச்சயமில்லை. மழை பெய்தால் கீழ்க்கோடி குளமாகிவிடும். இந்த நேரம் பார்த்து வீடு கட்டும் கம்பெனி ஒன்று வந்தது. பேங்க் டாப்பைக் கொடுத்தால், நெடுஞ்சாலை பக்கத்தில் புது மைதானம் கட்டித் தருகிறோம் என்றது. கால்பந்துக் கழகத்தோடு பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். சமதரை, செயற்கைப் புல், கூரை, வெந்நீர், கார் நிறுத்த ஏகப்பட்ட இடம். பேங்க் டாப்பில் வீடுகள் எழும்பும். உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு கை தூக்கினால் முடிந்தது காரியம்.

மார்லீனுக்கு விஷயம் மீன் கடையில்தான் தெரிந்தது. வரிசையில் நின்ற ஒருத்தி, "உங்களுக்கு இனிமே நிம்மதி மார்லீன்! மைதானத்தையே விக்கப்போறாங்களாமே" என்றாள். மார்லீன் திரும்பி அவளையே பார்த்தாள். கொப்பரையில் இருந்த மீன் கருகுவதைக்கூடப் பார்க்கவில்லை. முதலாளி வந்து கரண்டியை வாங்கிக்கொண்டார். வீட்டுக்கு வந்து மாடி ஏறி, துணியும் வாளியும் இல்லாமல், ஜன்னல் முன்னால் சும்மா நின்றாள். கிளிஃப் கீழிருந்து இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்தார். அவள் அமைதியாக இருந்தது அவருக்கு மந்தக் காதிலும் கேட்டுவிட்டது. மூச்சு வாங்க ஏறிவந்தார்.

"என்னம்மா, ஏதாவது திட்டேன்" என்றார்.

"பிளாஸ்டிக் புல்லாம், கிளிஃப்."

"அப்படியா?"

"சேறே இருக்காதாம். சேறு இல்லாம விழுந்து எழுந்திரிக்கிறது ஒரு ஆட்டமா? போய்ச் சீட்டு ஆடச் சொல்லு."

கிளிஃப் மைதானத்தைப் பார்த்தார். அவ்வளவு வருஷத்தில் அவர் அதைச் சரியாகப் பார்த்தது அன்றைக்குத்தான் இருக்கும். "நமக்கு என்னம்மா, கண்ணாடி உடையாது, தொப்பி போட வேண்டாம்" என்று சமாதானம் சொல்லப் பார்த்தார். அவள் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அவர் இறங்கிப் போய் அடுப்பில் தண்ணீர் வைத்தார்.

வாக்கெடுப்புக் கூட்டத்துக்கு ஏட்ரியன் ஜூபிலி தெரு வீடுகளுக்கெல்லாம் அழைப்புச் சீட்டுப் போட்டார். அக்கம்பக்கத்தாரும் வந்து கருத்துச் சொல்லலாம் என்று. மார்லீன் எழுந்து நாலு வார்த்தை கத்தினால், மைதானத்தை விற்பது எவ்வளவு அவசியம் என்று எல்லாருக்கும் புரிந்துவிடும் என்பது அவர் கணக்கு. கிளிஃப் சீட்டை எடுத்துவந்து நீட்டினார். அவருக்குக் கழகத்தில் மலிவாகக் கிடைக்கும் பீருக்காகப் பழைய உறுப்பினர் அட்டை உண்டு. "உன்னையும் கூப்பிட்டிருக்கான்" என்றார். "கூப்பிடாட்டியும் போவேன்" என்றாள் மார்லீன்.

ஞாயிறு முற்பகல், நல்ல மழை. கழகக் கூடத்தில் ஈரக் கோட்டும் நேற்றைய பீருமாக வாடை. இடமில்லாமல் ஆட்கள் சுவரோரம் நின்றார்கள். மார்லீன் முன்வரிசையில், மைதானத்துப் பக்கக் கதவை ஒட்டி, கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்தாள். ஏட்ரியன் திரையில் படம் போட்டுக் காட்டினார். புது மைதானம், பளபளவென்று. அதில் வெயில் அடித்தது. "எந்த ஊர் வெயில்யா அது?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு. பிறகு திரையில் ஏன் போக வேண்டும் என்பதற்கான காரணங்கள் வந்தன. அதில் ஒன்று: அக்கம்பக்கத்தாரின் தொடர்ந்த எதிர்ப்பு.

மார்லீன் எழுந்தாள்.

"ஏட்ரியன் கண்ணு, அக்கம்பக்கத்தார்னு போட்டிருக்கியே, யாரு அது?"

"பொதுவா சொல்றதுதான்... தெருக்காரங்க."

"தெருவுல எத்தன பேரு உன்கிட்ட வந்து கத்துனாங்க?"

ஏட்ரியன் பொய் சொல்லத் தெரியாதவர். "நீங்கதான், மிஸஸ் ஆக்ராய்ட்" என்றார்.

"அப்ப என் பேரப் போடு. எதுக்கு ஊரையே கூட்டிட்டு வந்து என் பின்னால நிக்கவைக்கிற?" கூடம் கலகலத்தது. அவள் சிரிக்கவில்லை. "ஆமா, திட்டுனேன். நாளைக்கும் வந்து திட்டுவேன். கண்ணாடிய மாத்துன்னேன். ஓட்டச் சரிபண்ணுன்னேன். வாய அடக்குன்னேன். போய்த் தொலைங்கன்னு எப்பவாவது சொன்னேனா? இதோ உக்காந்திருக்காரே, இந்த மனுஷன நான் திட்டாத நாள் உண்டா? பெட்டியத் தூக்கிட்டுக் கிளம்பிட்டாரா? கேளு அவர."

எல்லாரும் கிளிஃபைப் பார்த்தார்கள். அவருக்குப் பாதிதான் கேட்டது. "டீ குடிக்கலாம்னு சொல்றாளா?" என்றார்.

"பாத்தியா?" என்றாள் மார்லீன். "திட்டுனா இருக்கணும்னு அர்த்தம். எங்க ஊர்ல அப்படித்தான்."

ஸ்டூவர்ட் லம்ப் எழுந்தார். அவரும் கெட்டவர் இல்லை. மூன்று வருஷமாகத் தூக்கம் கெட்ட முகம். "மார்லீன், நான் ஆசைப்பட்டா விக்கிறேன்? கூரை எப்ப விழும்னு தெரியாது. நம்ம பசங்க ஐஸ் தண்ணியில குளிக்கிறானுங்க. இங்கேயே இருந்து மொத்தமா மூடறதவிட, போய்ப் பிழைச்சுக்கலாம் இல்லையா?"

"கூரை போனா கூரையப் போடு. ஒரு கூரைக்காக எவனாவது வீட்டையே விப்பானா?"

"யாரு போடறது?"

"ஸ்டாண்ட இடிச்சுத் தள்ளு. நின்னு பாக்கட்டும். மழை பட்டா கரைஞ்சிடுவானுங்களா? சர்க்கரையிலயா செஞ்சிருக்கு இவனுங்கள?"

கைதட்டல். "அப்படிப் போடு!" என்று யாரோ கத்தினார்கள். மார்லீன் கையைத் தூக்கி அவர்களை அடக்கினாள். குரல் சற்றே இறங்கியது. "நான் சொல்றதக் கேளு ஸ்டூவர்ட். ஞாயித்துக்கிழமை ஆனா எவனாவது ஒருத்தன் என் முன்கதவத் தட்டி மன்னிப்பு கேக்குறான். இங்கிலாந்துல வேற எந்தப் பொம்பளைக்கு அந்தக் கொடுப்பினை? மத்த நாள்ல தபால்காரன்கூடத் தட்டறதில்ல, பொட்டிய வாசல்ல எறிஞ்சிட்டு ஓடிடுறான். எங்களுக்குப் புள்ள குட்டி கிடையாது, உனக்குத் தெரியும். இந்தச் சத்தம் நின்னுபோச்சுன்னா எங்க வீட்டுல கடிகாரமும் இவரு இருமலும்தான் மிச்சம். கண்ணாடி உடையட்டும். எனக்கு இது வேணும்டா. அவ்வளவுதான். எனக்கு வேணும்."

ஸ்டூவர்ட் தரையைப் பார்த்தார்.

ஏட்ரியன்தான் தொண்டையைச் செருமினார். அவருக்கு விதி விதிதான். வாக்கெடுப்பு நடக்கும்போது உறுப்பினர் அல்லாதவர்கள் கூடத்தில் இருக்கக் கூடாது என்று, மன்னிப்புக் கேட்கிற குரலில், சொன்னார். மார்லீன் கைப்பையைத் திறந்தாள். "இப்பவே சேந்துக்கறேன். எழுது."

"சேந்து மூணு மாசம் ஆகியிருக்கணும், மிஸஸ் ஆக்ராய்ட்."

அவள் ஸ்டூவர்ட்டைப் பார்த்தாள். வருஷா வருஷம் கேட்டவர் அவர். வருஷா வருஷம் விரட்டியவள் இவள். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு தலையை மட்டும் அசைத்தார். விதி அப்படித்தான். மார்லீன் பையை மூடினாள். முகம் சிவந்துபோயிற்று. ஒரு கணம், அழுதுவிடுவாளோ என்றுகூட முன்வரிசைக்காரர்கள் பயந்தார்கள்.

அழவில்லை. கோட்டின் பொத்தானை மேலேவரை போட்டாள். தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு, மைதானத்துப் பக்கக் கதவை இடுப்பால் தள்ளித் திறந்தாள். சாரலும் குளிர்காற்றும் குபீரென்று உள்ளே பாய்ந்து மேசைமேல் இருந்த காகிதங்களைக் கிளப்பின. வாசற்படிக்கு அந்தப் பக்கம், கதவு மூடாதபடி முட்டுக்கொடுத்து நாற்காலியைப் போட்டாள். கூடத்துக்கு முதுகைக் காட்டி, மைதானத்தைப் பார்த்து, மழையில் உட்கார்ந்தாள்.

"நான் வெளியதான் இருக்கேன். போடுங்க ஓட்ட."

"கதவையாவது சாத்திடலாமே" என்றார் ஏட்ரியன், பறக்கும் காகிதங்களைப் பிடித்தபடி.

"முடிஞ்சா சாத்து."

ஒருவரும் எழுந்து போகவில்லை. "திறந்தே கிடக்கட்டும்" என்றார் கிளிஃப். அவர் அந்தக் கூடத்தில் வாய்விட்டுப் பேசியது அதுதான் இரண்டாவது வாக்கியம். திறந்த கதவு வழியாகச் சரிவு முழுதும் தெரிந்தது. சேறும் தண்ணீருமாய், மேலே கம்பங்களும், அதற்கும் மேலே ஜூபிலி தெருப் புகைபோக்கிகளும். திரையில் இன்னும் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அதை இப்போது யாரும் பார்க்கவில்லை.

விற்கலாம் என்பவர்கள் கை தூக்கச் சொன்னார் ஸ்டூவர்ட். கைகள் எழுந்தன. கொஞ்சமல்ல, நிறையவே எழுந்தன; வெந்நீர் யாருக்குத்தான் வேண்டாம்? சில கைகள் பாதிவரை வந்து, வாசலில் நனையும் முதுகைப் பார்த்து, காதைச் சொறிவதுபோலக் கீழே இறங்கின. முன்னாள் உதைகாரர்கள் நாலைந்து பேர் கையைச் சட்டைப்பையிலிருந்து எடுக்கவேயில்லை. ஸ்டூவர்ட் வரிசைக்கு வரிசை விரல் நீட்டி எண்ணினார். பிறகு, வேண்டாம் என்பவர்கள் என்றார். மறுபடி கைகள் எழுந்தன. கிளிஃபின் கை எழுந்தது. அதே நேரம் வாசலுக்கு வெளியே, மழையில், திரும்பிக்கூடப் பார்க்காமல், மார்லீனின் வலது கை நேராக மேலே போனது.

எல்லாரும் பார்த்தார்கள். ஸ்டூவர்ட்டின் விரல் கடைசி வரிசைவரை போய்த் திரும்பிக் கதவருகே ஒரு நொடி நின்றது. "அவங்க உறுப்பினர் இல்ல" என்று ஏட்ரியன் மெல்ல நினைவூட்டினார். "தெரியும்" என்றார் ஸ்டூவர்ட். எண்ணாமல் விட்டார்.

மூன்றில் இரண்டு பங்கு வரவில்லை. மயிரிழையில் தவறியது. தீர்மானம் விழுந்தது என்று ஸ்டூவர்ட் படித்தார். அடுத்த வருஷம் மறுபடி கொண்டுவரலாம் என்று ஏட்ரியன் சேர்த்துக்கொண்டார். யாரோ மேசையைத் தட்டினார்கள், யாரோ திட்டினார்கள், ஒருவர் கூரைக்கு என்ன வழி என்று கத்தினார். ஆட்கள் நாற்காலிகளை இழுத்துக்கொண்டு எழுந்தார்கள்.

வெளியே அந்தக் கை இன்னும் இறங்கவில்லை. தண்ணீர் விரலிலிருந்து வழிந்து கோட்டுக் கைக்குள் போய்க்கொண்டிருந்தது. அவளுக்குக் காதில் விழவில்லையோ என்று நினைத்து ஸ்டூவர்ட் வாசற்படியைத் தாண்டி மழைக்குள் வந்து, அவளுக்கு முன்னால் நின்றார்.

"முடிஞ்சுது மார்லீன். விக்கல. கைய இறக்குங்க."

"கேட்டுச்சு. இத எண்ணுனியா?"

"விதிப்படி..."

"எண்ணுனியாடா?"

"இல்ல."

"அப்ப எண்ணு."

ஸ்டூவர்ட் திரும்பிக் கூடத்தைப் பார்த்தார். எழுந்தவர்கள் எழுந்தபடியே நின்று இங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மழை அவருடைய வழுக்கைத் தலையில் விழுந்து கழுத்துவழி ஓடியது. உள்ளே வரிசை வரிசையாக எண்ணினாரே, அதேபோல விரலை நீட்டி, அவளைச் சுட்டி, எல்லாருக்கும் கேட்கும்படி, "ஒண்ணு" என்றார்.

மார்லீன் கையை இறக்கினாள்.